கூலர் தண்ணீரும் டெங்குக் காய்ச்சலும்

1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலிருந்து குளிர் இறங்கும் வரை தில்லியில் குடியிருந்தவர்களுக்கு டெங்கு என்ற பெயரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அந்த ஒரு பருவத்தில் மட்டும் அரசுக் கணக்குப்படி 10,252 பேருக்கு நோய் கண்டது. 423 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பும் 1967, 1970, 1982, 1988 ஆகிய ஆண்டுகளில் டெங்கு தில்லிக்கு வந்து போயிருக்கிறது. ஆனால் இரத்தக் கசிவும் அதிர்ச்சி நிலையும் சேர்ந்த கடுமையான டெங்கு இவ்வளவு பெரிய அளவில் தலைநகரைத் தாக்கியது அப்போதுதான். "காய்ச்சல் விட்டுவிட்டது என்றார்கள், மறுநாளே இப்படி ஆகிவிட்டது" என்று அக்கம்பக்கத்தில் சொல்லக் கேட்டு நடுங்கிய நாட்கள் அவை.

பிறகு 2015-இல் வந்த டெங்கு அதைவிடப் பெரியது. தில்லியில் 15,867 பேருக்கு நோய். இறந்தவர்கள் 60 பேர். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1996-இல் நூற்றுக்கு நான்கு பேர் இறந்தார்கள். 2015-இல் இருநூற்றைம்பதுக்கு ஒருவர். இடைப்பட்ட 19 ஆண்டுகளில் டெங்குக் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் வந்துவிடவில்லை. இன்று வரை வரவில்லை. பரிசோதனை வசதி பெருகியதால் லேசான கேஸ்களும் கணக்கில் ஏறின என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், எந்த நேரத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை டாக்டர்கள் கற்றுக்கொண்டார்கள். அதில் பாதி, வீட்டில் இருக்கும் நாமும் கற்றுக்கொள்ளக் கூடியது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

நான் டாக்டர் அல்ல. டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் குடியிருப்புகள், மேல்நிலைத் தொட்டிகள், வடிகால்கள் இவற்றைப் பராமரிப்பதிலேயே கழித்து ஓய்வு பெற்றவன். டெங்குவைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை என்று கேட்டால், இது பாதி மருத்துவ விஷயம், பாதி தண்ணீர்த் தொட்டி விஷயம் என்பதே என் பதில்.

தமிழர்களுக்கு இந்த வியாதி புதிதும் அல்ல. இந்தியாவில் டெங்கு போன்ற காய்ச்சல் பரவியதாக முதலில் பதிவானது 1780-இல், சென்னப்பட்டணத்தில். வேலூர் வட்டாரத்தில் 1956-இல் இதற்கு விஞ்ஞான ஆதாரம் கிடைத்தது. 1963-64-இல் கல்கத்தாவிலும் கிழக்குக் கடற்கரையிலும் பெரிதாகப் பரவியது. தில்லிக்கு மாற்றலாகி வந்தபோது இதை விட்டுவிட்டு வந்தோம் என்று எண்ண வேண்டாம். நமக்கு முன்பே இது இங்கே வந்து குடியேறிவிட்டது.

இது எந்தக் கொசு?

வீட்டுக்குப் பின்னால் நாலா ஓடுகிறது, அதனால்தான் டெங்கு என்று பலர் சொல்கிறார்கள். நாலாவில் பெருகுவது கியூலெக்ஸ் என்ற கொசு. இரவெல்லாம் காதருகே ரீங்காரம் செய்து தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். அது டெங்குவைப் பரப்புவதில்லை. டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் எஜிப்தி. சின்ன, கறுத்த கொசு. கால்களில் வெள்ளை வளையம் போட்டிருக்கும். காலையில் விடிந்து சில மணி நேரமும், மாலையில் இருட்டுவதற்கு முன் சில மணி நேரமும் அதிகமாகக் கடிக்கும். அதாவது பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்படும் நேரமும், விளையாடப் போகும் நேரமும். சத்தம் அதிகம் போடாது. கணுக்காலையும் முழங்காலின் பின்புறத்தையும் தேடும். கையை அசைத்தால் பறந்துபோய் அடுத்தவரைக் கடிக்கும். ஆகவே ஒரு வீட்டில் ஒரே கொசு நாலு பேருக்கு நோயைக் கொடுத்துவிட முடியும்.

இந்தக் கொசுவுக்கு நம்மைப் போலவே வீட்டில் இருக்கத்தான் ஆசை. கட்டிலின் அடி, திரைச்சீலையின் மடிப்பு, அலமாரியின் உட்புறம், கதவுக்குப் பின்னால் மாட்டிய சட்டை ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். முட்டையிடுவதற்கு அது தேடுவது சாக்கடையை அல்ல, நாம் பத்திரமாகச் சேமித்து வைத்திருக்கும் நல்ல தண்ணீரை. பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் ஒரு பர்லாங்குக்குள்தான் பறக்கும். எனவே உங்களைக் கடிக்கும் ஏடிஸ் உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, எதிர் பிளாக்கிலோ பிறந்ததுதான். பழியைத் தூரத்தில் போட இடமில்லை.

முட்டையிலிருந்து புழு, புழுவிலிருந்து கூட்டுப்புழு, அதிலிருந்து கொசு. தில்லியின் ஆகஸ்டு, செப்டம்பர் வெப்பத்தில் இதற்கெல்லாம் ஏழு முதல் பத்து நாட்கள் போதும். வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டுங்கள் என்று மாநகராட்சி சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். எட்டாவது நாள் கொட்டினால் போதாதா என்று கேட்கக் கூடாது. ரயில் பெட்டிக்கு இத்தனை நாளைக்கொரு முறை பரிசோதனை என்று விதி இருந்தால், தேதி தவறிய பெட்டியை ஓட விடுவோமா?

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஏடிஸ் முட்டையை நீர்ப்பரப்பில் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. அந்த முட்டை காய்ந்தும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். தண்ணீர் மறுபடி அந்த மட்டத்தைத் தொட்டதும் பொரிந்துவிடும். ஆகவே தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவது பாதி வேலைதான். பிரஷ் போட்டுச் சுவரைத் தேய்க்க வேண்டும்.

தில்லி வீட்டில் எங்கே தேடுவது?

முதல் குற்றவாளி கூலர். மே, ஜூனில் அது ஓடிக்கொண்டே இருப்பதாலும் தண்ணீர் அடிக்கடி மாறுவதாலும் அபாயம் குறைவு. ஜூலையில் மழை வந்து காற்றில் ஈரம் ஏறியதும் கூலர் காற்று பிசுபிசுக்கிறது என்று ஸ்விட்சை அணைத்துவிடுகிறோம். அடியில் நாலு விரற்கடைத் தண்ணீர் அப்படியே நிற்கிறது. மேலே நிழல், சுற்றிலும் புல் தட்டி, எவரும் எட்டிப் பார்க்காத இடம். கொசுவுக்கு இதைவிட நல்ல பிரசவ ஆஸ்பத்திரி கிடைக்காது. கூலர் வேண்டாம் என்று முடிவு செய்த அன்றே அடியில் உள்ள அடைப்பானைத் திறந்து வடித்து, துடைத்து உலர்த்திவிடுங்கள். ஜன்னலில் உயரமாகப் பொருத்திய கூலரை வடிக்க வழியே இல்லையென்றால், மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, தண்ணீரின் மேல் படலம் பரவும் அளவுக்கு இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றலாம். புழு மூச்சு விடும் குழலை நீர்ப்பரப்புக்கு நீட்டித்தான் வாழ்கிறது. எண்ணெய் அதை அடைத்துவிடும். ஓடும் கூலரில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்களும் உண்டு. அது தீயை வீட்டுக்குள் அழைப்பது, செய்ய வேண்டாம்.

அடுத்தது மொட்டை மாடித் தொட்டி. மூடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. மூடி விளிம்போடு பொருந்துகிறதா, வழிந்தோடும் குழாயின் வாயிலும் காற்றுப் போக்கிக் குழாயிலும் வலை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நான் ஏறிப் பார்த்த தொட்டிகளில் மூடி இருந்த தொட்டிகள் அநேகம். வலை கட்டிய குழாய்கள் மிகச் சில. கந்தல் நைலான் கொசுவலைத் துண்டும் ஒரு முழம் கம்பியும் இருந்தால் பத்து நிமிஷ வேலை. நம்மவர்களில் பலர் வசிக்கும் எளிய குடியிருப்புகளில் குழாயில் தண்ணீர் வருவது சிறிது நேரமே. டிரம்மிலும் அண்டாவிலும் பிடித்து வைத்துத்தான் ஆக வேண்டும். அவர்களிடம் தண்ணீரைச் சேமிக்காதே என்று சொல்வது நியாயமில்லை. பழைய வேட்டியை இரண்டாக மடித்து வாயில் இறுக்கிக் கட்டினாலே கொசு உள்ளே போகாது.

இவை தவிர, ஃபிரிஜ்ஜின் பின்புறம் உள்ள தட்டு, மணி பிளான்ட் வைத்த பாட்டில், பூந்தொட்டியின் அடித்தட்டு, பறவைகளுக்கு வைக்கும் மண்சட்டி, மாடியில் கிடக்கும் டயர், உடைந்த கமோடு இவற்றையெல்லாம் ஒரு சுற்று பார்க்கவும்.

நம் வீடுகளுக்கே உரிய இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, கொலு. நவராத்திரி வருவது செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ. தில்லியில் டெங்கு உச்சத்தில் இருக்கும் சமயம். படிக்கட்டுக்குக் கீழே பூங்கா அமைத்து, தாம்பாளத்தில் தெப்பக்குளம் கட்டி, வாத்து பொம்மை மிதக்க விடுகிறோம். பொம்மை எடுக்கும் வரை பத்து நாள் அந்தத் தண்ணீரை யாரும் மாற்றுவதில்லை. பத்து நாள் என்றால் என்ன அர்த்தம் என்று மேலே பார்த்தோம். ஒன்றுவிட்டு ஒரு நாள் மாற்றி, தாம்பாளத்தையும் தேய்த்துவிட்டால் குளமும் அழகாக இருக்கும், வீட்டுக்கும் நல்லது. மற்றொன்று, எறும்பு ஏறாமலிருக்க அலமாரிக் கால்களுக்குக் கீழே வைக்கும் தண்ணீர்க் கிண்ணங்கள்.

இந்தக் கிண்ணங்களுக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. 1880-களில் பிரெஞ்சுக்காரர்கள் பனாமாக் கால்வாய் வெட்டப் போனார்கள். அங்கே அவர்கள் கட்டிய ஆஸ்பத்திரியில், எறும்பு வராமலிருக்கக் கட்டில் கால்களையும் தோட்டச் செடிகளையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி வைத்தார்கள். அந்தக் கிண்ணங்களில் வளர்ந்தது இதே ஏடிஸ் எஜிப்தி. அது அங்கே பரப்பியது மஞ்சள் காய்ச்சல். காலில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவன் காய்ச்சலில் இறந்தான். மஞ்சள் காய்ச்சலிலும் மலேரியாவிலுமாக இருபதாயிரம் பேருக்கு மேல் மாண்டு, அந்த முயற்சியே கைவிடப்பட்டது. பிறகு அமெரிக்கர்கள் வந்தபோது, கார்கஸ் என்ற இராணுவ டாக்டர் வீடு வீடாகத் தண்ணீரை மூடவும், தேங்கியதை வடிக்கவும், எண்ணெய் தெளிக்கவும் ஆள் கேட்டார். மேலதிகாரிகள் கேலி செய்தார்கள். 1905-இல் தலைமைப் பொறியாளராக வந்த ஜான் ஸ்டீவன்ஸ்தான் கேட்டதையெல்லாம் கொடுத்தார். 1906 முடிவதற்குள் அங்கே மஞ்சள் காய்ச்சல் ஒழிந்தது. மருந்தோ தடுப்பூசியோ எதுவும் இல்லாமல்! ஸ்டீவன்ஸ் ரயில்வேக்காரர் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க என்னால் முடியவில்லை.

புகை வண்டியும் ரயில் வண்டியும்

தெருவில் புகை அடித்துக்கொண்டு போனால் நமக்கு நிம்மதி. உண்மையில் அந்தப் புகை, அந்த நேரத்தில் வெளியே பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். ஏடிஸோ உள்ளே அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. புகையைக் கண்டு நாமும் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். தொட்டியில் இருக்கும் புழுவுக்குப் புகை ஒன்றுமே செய்யாது. நோய் கண்ட வீட்டிலும் சுற்றியுள்ள வீடுகளிலும் உள்ளே அடிக்கும் புகைக்கு அர்த்தம் உண்டு. தெருப் புகை பெரும்பாலும் கண்ணுக்குக் காட்டும் காரியம்.

அண்மை ஆண்டுகளில் வடக்கு ரயில்வே, மழைக்காலத்தில் தண்டவாளத்தின் இரு பக்கமும் தேங்கிய நீரில் மருந்து பீய்ச்சிக்கொண்டே போகும் ஒரு ரயிலைத் தில்லியில் ஓட்டுகிறது. ரயில்வேக்காரன் என்ற முறையில் பெருமைதான். கரை போட மண் எடுத்த பள்ளங்களில் மலேரியாக் கொசு பெருகுவது எங்கள் துறையில் பழைய கதை. ஆனால் அந்த ரயில் உங்கள் கூலருக்குள் வராது.

கதவைத் தட்டும் மாநகராட்சிப் பரிசோதகரை உள்ளே விடுங்கள். "எங்கள் வீடு சுத்தமான வீடு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர்கள் நம்மவர்களில் அதிகம். சுத்தமான வீட்டில்தான் சுத்தமான தண்ணீர் இருக்கும். 2006-இல் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங்கின் பேரப்பிள்ளைகளுக்கே டெங்கு கண்டது.

காய்ச்சல் வந்துவிட்டால்

நோயுள்ள கொசு கடித்து நான்கு முதல் பத்து நாட்களில் காய்ச்சல் வரும். திடீரென்று உயர்ந்த சுரம், கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பு முறிவது போன்ற உடல் வலி, குமட்டல், சில சமயம் தோலில் சிவப்பு. முதல் ஐந்து நாட்களுக்குள் என்எஸ்1 என்ற இரத்தப் பரிசோதனை கண்டுபிடிக்கும்; பிந்திப் போனால் ஐஜிஎம் பரிசோதனை. 2015-இல் தில்லி அரசு தனியார் கூடங்களில் டெங்குப் பரிசோதனைக்கு 600 ரூபாய், தட்டணு எண்ணிக்கைக்கு 50 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது.

சுரத்துக்குப் பாராசிட்டமால் மட்டும். குரோசின், டோலோ, கால்பால் எல்லாம் அதுதான். டிஸ்பிரின், புரூஃபென், வோவெரான் கூடாது. காம்பிஃபிளாம் மாத்திரையிலும் புரூஃபென் மருந்து கலந்திருக்கிறது. இவை வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கக் கூடியவை. இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடும் பெரியவர்கள் தாமாக நிறுத்தாமல் உடனே தம் டாக்டரைக் கேட்கட்டும்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மற்ற காய்ச்சல்களில் சுரம் விட்டால் அபாயம் நீங்கியது. டெங்குவில் சுரம் விடும்போதுதான் அபாயம் தொடங்குகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சுரம் இறங்கும் சமயத்தில், சிலருக்கு மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவர் ஒழுகத் தொடங்கும். சிவப்பணுக்கள் உள்ளே தங்க, நீர் மட்டும் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்கும். குழாய் ஒழுகினால் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாதது போல, அழுத்தம் குறைந்து உறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் போகிறது. அதிர்ச்சி நிலை என்பது இதுதான். இந்த ஒழுக்கு 24 முதல் 48 மணி நேரம் வரை இருந்து தானாகவே நின்றுவிடும். அந்த இரண்டு நாளைத் தாண்ட வைப்பதுதான் வைத்தியம் முழுவதும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு ஐந்தாம் நாள் சுரம் விட்டது. அப்பா ஆபீசுக்குப் போய்விட்டார். பையன் வயிற்றை வலிக்கிறது என்றான். இரண்டு முறை வாந்தி. வெறும் வயிறு, அதனால் இருக்கும் என்று அம்மா நினைத்தார். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டிதான், "காலையிலேர்ந்து இவன் ஒண்ணுக்கே போகலையே, காலைத் தொட்டுப் பாரு, ஐஸா இருக்கு" என்று சத்தம் போட்டார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நாடி மிக மெலிந்திருந்ததாம். இரவு முழுவதும் அளந்து அளந்து சலைன் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். பாட்டி எந்தப் புத்தகமும் படித்தவர் அல்ல. ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்தார்.

விடாத வயிற்று வலி, அடுத்தடுத்த வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், குளிர்ந்து வியர்த்த கை கால், அளவு கடந்த சோர்வு அல்லது நிலைகொள்ளாத தவிப்பு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக் காலை என்று தள்ளாமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் இவர்களை முதலிலேயே டாக்டர் பார்வையில் வைப்பது நல்லது.

எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையையே ஜபிக்கிறார்கள். ஒன்றரை லட்சத்திலிருந்து நாற்பதாயிரம் ஆகிவிட்டது என்று இரவு பன்னிரண்டு மணிக்கு இரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைகிறார்கள். இரத்தக் கசிவு இல்லாதவருக்குப் பத்தாயிரத்துக்குக் கீழே போனால்தான் தட்டணு ஏற்றுவதைப் பற்றி யோசிக்கலாம் என்பது நம் நாட்டு வழிகாட்டு நெறி. அதே ரிப்போர்ட்டில் பி.சி.வி. அல்லது ஹீமடோகிரிட் என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். ரசம் சுண்டினால் கெட்டியாவது போல, நீர் கசிந்தால் இரத்தம் கெட்டியாகி இந்த எண் ஏறும். தட்டணு சட்டென்று இறங்க, இது ஏறினால் ஒழுக்கு ஆரம்பம் என்று பொருள்.

வீட்டு வைத்தியம் என்பது நீராகாரம்தான். கஞ்சி, உப்புப் போட்ட மோர், இளநீர், தெளிந்த ரசம், ஓ.ஆர்.எஸ். கரைசல் இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுதும் கொடுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிக்க வைக்க வேண்டாம். தேவையில்லாமல் சலைன் ஏற்றச் சொல்லி டாக்டரை வற்புறுத்தவும் வேண்டாம். ஒழுக்கு நின்றபின் அந்த நீர் திரும்பி வந்து நெஞ்சில் கட்டிக்கொள்ளும். டெங்குப் பருவம் வந்தால் தில்லியில் ஆட்டுப்பால் விலை ஏறுகிறது. பப்பாளி இலைச் சாற்றைக் கசக்கக் கசக்கக் குடித்து வாந்தி எடுத்தால், குடித்த கஞ்சியும் சேர்ந்து போகும். 2012-இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு கடுமையாகப் பரவிய பிறகு தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரைப் பரவலாக வழங்கியது. நம்பிக்கை உள்ளவர்கள் குடிக்கட்டும், ஆனால் டாக்டரிடம் போவதற்குப் பதிலாக அல்ல.

நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவர் இரத்தத்தில் கிருமி இருக்கும் முதல் ஐந்தாறு நாட்களில் கடிக்கும் கொசு, எட்டுப் பத்து நாள் கழித்து மற்றவர்களுக்குக் கொடுக்கும். வலை மற்றவர்களுக்காகத்தான்.

இரண்டாம் முறை

டெங்குக் கிருமியில் நான்கு இனங்கள் உண்டு. ஒன்று வந்து போனால் அந்த இனம் மறுபடி வராது. மற்ற மூன்றும் வரலாம். இரண்டாவது முறை வேறு இனம் வரும்போதுதான் கடுமையாவது அதிகம். முதல் நோயில் உண்டான எதிர்ப்புப் பொருள், புதிய இனத்தை அரைகுறையாக அடையாளம் கண்டு, அதைக் கொல்லாமல் அணுக்களுக்குள் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுகிறது. முகம் பாதி தெரிந்தவனை உறவுக்காரன் என்று எண்ணி வாசல்காரன் உள்ளே விடுவது போல. ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க டாக்டர் 1960-களில் பாங்காக் குழந்தைகளை ஆராய்ந்து இதைச் சொன்னார்.

நம்மைப் போல இரண்டு ஊரில் வாழ்கிறவர்களுக்கு இது முக்கியம். தில்லியில் டெங்கு பருவம் செப்டம்பர், அக்டோபர். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. தீபாவளிக்கு ரயில் ஏறினால் ஒரு பருவத்திலிருந்து இன்னொரு பருவத்துக்குள் இறங்குகிறோம். வேலூரிலும் கோவையிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தில்லியில் டெங்கு வந்திருந்தால், அந்த ஆண்டையும் ரிப்போர்ட்டையும் அவர்களிடம் கொடுத்து, காய்ச்சல் என்றால் டாக்டரிடம் முதலில் இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

தடுப்பூசி தாமதமாவதற்கும் இதே குணம்தான் காரணம். 2016-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு தடுப்பூசி போட்டார்கள். முன்பு டெங்கு வராத குழந்தைகளுக்கு அதுவே முதல் நோய் போல அமைந்து, பின்னால் உண்மையான நோய் வரும்போது கடுமையாகலாம் என்று 2017-இல் தெரிந்து, நிறுத்தினார்கள். நான்கு இனங்களையும் சமமாகத் தடுக்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு ஆராய்ச்சி. இந்தியாவில் தயாரான ஒரு தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை ஐ.சி.எம்.ஆர். துணையுடன் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்ப்பது திட்டம். புதுச்சேரியில் உள்ள ஐ.சி.எம்.ஆர். ஆராய்ச்சி நிலையம், ஊல்பாகியா என்ற பாக்டீரியாவைச் சுமந்து டெங்குவைப் பரப்ப இயலாத ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022-இல் அறிவித்தது. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரில் இம்முறையால் டெங்கு நூற்றுக்கு 77 பங்கு குறைந்ததாக 2021-இல் முடிவு வெளியாயிற்று.

கடைசியாக, கூலரை மூட்டை கட்டும் முறை. நவம்பரில் தண்ணீரை வடித்து, பழைய புல் தட்டிகளைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடுங்கள்; அடுத்த வருஷத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். உட்சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தில் வெள்ளைக் கோடாக உப்புப் படிந்திருக்கும். அந்தக் கோட்டையும் அதற்கு மேலே நாலு அங்குலத்தையும் சோப்புத் தண்ணீர் தொட்டு, விறைப்பான பிரஷால் நான்கு பக்கமும் அழுத்தித் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்து, மழைநீர் இறங்காமல் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டுங்கள். முட்டை ஒட்டியிருந்தால் அது இருப்பது அந்தக் கோட்டுக்கு மேலேதான்.